பன்னிரண்டு நிமிட மழை

"பெரியம்மா, மழையை நீங்கதான கொண்டு வாரிய? அப்ப நாம எதுக்கு மழைக்கு ஜெபம் பண்ணணும்?"

சாமுவேல்புரம் ஆலயத்தின் ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வயது பெனிட்டா இப்படிக் கேட்டு எட்டு வருஷம் ஆகிறது. கேட்கப்பட்டவள் ரூபவதி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பாள். மற்ற நாட்களில் அரசாங்கச் சம்பளத்தில் மேகம் மேய்ப்பாள்.

"மேகம் இருந்தாத்தானட்டி நான் ஓட்டியாற முடியும்? மேகம் வரணும்னு ஜெபம் பண்ணுதோம்" என்று சமாளித்தாள்.

"மேகத்த வேம்பார்ல கப்பலுல்லா செய்யுது? எங்க அப்பா கூட்டிட்டுப் போயி காட்டுனாவளே."

ரூபவதி கடிகாரத்தைப் பார்த்தாள். வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆளுக்கு இரண்டு கடலை மிட்டாய் கொடுத்து அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பெனிட்டா வளர்ந்து, மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய், அப்படி ஒன்றைக் கேட்டதையே மறந்துபோனாள். ரூபவதிக்குத்தான் அது காலில் குத்திய நெருஞ்சி முள்ளாக அவ்வப்போது நெருடிக்கொண்டிருந்தது.

மேகம் மேய்ப்பது ஒன்றும் மாய வேலை இல்லை. வேம்பார்க் கடலில் வரிசையாக நிற்கும் கப்பல்கள் உப்புத் தண்ணீரைப் புகைபோல ஊதும். அது மேலே போய்த் திரண்டு மேகமாகும். அறுபது சின்னப் பறக்கும் கருவிகள் அதைச் சுற்றி அணைத்து, வடகிழக்குக் காற்றின் போக்கிலேயே உள்நாட்டுக்கு ஓட்டிவரும். ஊர்க்காரர்கள் அவற்றுக்குப் பருந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் புஞ்சையின் மேல் நிறுத்தச் சொல்கிறோமோ அங்கே நின்று, சொன்ன நிமிடம் வரைக்கும் பெய்யும். இன்றைக்கு உன் காட்டில், நாளைக்கு என் காட்டில் என்று ஆட்டுக்கிடையை முறைவைத்துப் போட்டுப் பழகிய கரிசல்காட்டு மக்களுக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. மேகக்கிடை என்றார்கள். ரூபவதியை மேகக்காரி என்றார்கள். குன்றின் மேல் இருந்த அவளுடைய நிலையத்துக்குப் போகும் மண்பாதைக்குக் கிடைப்பாதை என்று பெயர் வந்துவிட்டது.

ஆனால் வானம் தானாகக் கொடுத்த காலம் போய்விட்டதால், மேகம் அளவாகத்தான் இருந்தது. கேட்கிற ஊர்கள் ஏராளம். எந்த ஊருக்கு எந்த நாளில் எத்தனை நிமிடம் என்பதை டெல்லியில் இருக்கும் உணவு வாரியத்தின் கணினி முடிவு செய்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் வாரியம் ‘முன்னோக்கு’ என்று ஓர் அறிக்கை வெளியிடும். நாடு இனி என்ன சாப்பிடும், அதை எங்கே விளைவிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வருஷத்து அறிக்கையை ரூபவதியின் கணவன் தங்கதுரை காலைத் தேநீரோடு சத்தமாக வாசித்தான்.

"இன்னும் பதினஞ்சு வருசத்துல நாட்டுச் சாப்பாட்டுல பாதி தொட்டியில விளையுமாம்."

கடற்கரை ஓரம் பெரிய எஃகுத் தொட்டிகளில் நுண்ணுயிரை வளர்த்து எடுக்கும் மாவைத்தான் தொட்டி மாவு என்பார்கள். மலிவு. தண்ணீரும் அதிகம் கேட்காது.

"அந்த மாவுல தோசை சுட்டிருக்கியளா? காகிதத்த நனைச்சுக் கல்லுல ஒட்டுன மாதிரி இருக்கும்" என்றாள் ரூபவதி.

"சத்தெல்லாம் இருக்காம்."

"சத்து இருக்கட்டும். தோசை எங்க?"

தங்கதுரை சிரித்தான். அடுத்த பத்தியை வாசிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "தேவைக்கு மேல உள்ள நிலத்தை ஓய்வுக்கு அனுப்பப் போறாவளாம். மூணு பருவம் தொடர்ந்து ஏக்கருக்கு எட்டுக் குவிண்டாலுக்குக் கீழ போன ஊரெல்லாம்… ரூபா, நமக்கு ரெண்டு பருவம் போயிட்டுல்லா?"

போய்விட்டது. சாமுவேல்புரத்துக் கம்பு முந்தின வருஷம் ஏழரை, போன வருஷம் ஏழே கால்.

ஓய்வு என்றால் பத்து வருஷத்துக்கு மழை முறை கிடையாது. புஞ்சை முழுக்கச் சூரியத் தகடு விரிப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு மாதா மாதம் மாவு வரும், தூத்துக்குடியில் அடுக்குமாடி வீடு வரும். யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். வாரியத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கோடிக்கணக்கான வயிறுகளை நினைத்து ராத்தூக்கம் இல்லாமல் கணக்குப் போட்டவர்கள். ஆகவே யாரையும் திட்டவும் வழியில்லை. பயிரைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். அந்தப் பருவம் சாமுவேல்புரத்தில் கம்பு எழும்பிய அழகை வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். நவம்பர் முடியும்போது கதிர் வெளிவந்துவிட்டது. பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ஒரு நனைப்பு, ஐம்பது நிமிட மழை, கிடைத்தால் போதும். அந்த முறை டிசம்பர் ஐந்தாம் தேதி வர வேண்டும். முதல் தேதி காலையில் ரூபவதி நிலையத்தின் பட்டியலைத் திறந்தபோது ஐந்தாம் தேதியில் பக்கத்து ஊரான வெள்ளாட்டூரணி இருந்தது, அடுத்து எட்டயபுரம் பக்கத்து ஊர் ஒன்று இருந்தது. சாமுவேல்புரம் இல்லை.

காரணம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் குடையைக்கூட எடுக்காமல் ஞானசிகாமணி வீட்டுக்கு ஓடினாள்.

ஞானசிகாமணி ஆலயக் கமிட்டிச் செயலாளர். ஓய்வுபெற்ற தபால்காரர். உலகத்தில் எந்தத் துன்பத்துக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு, அதைச் சரியாக நிரப்பினால் துன்பம் தீரும் என்று நம்புகிறவர். வாரத்துக்கு ஒரு படிவமாவது நிரப்பிக்கொண்டு வந்து ரூபவதியிடம் கையெழுத்து வாங்கிப் போவார்.

"அண்ணாச்சி, மழை வேண்டாம்னு வாரியத்துக்கு ஏதும் எழுதிப் போட்டியளா?"

"போட்டேனே! நீங்கதான ரூபா கையெழுத்துப் போட்டு மேல அனுப்புனிய. அசனத்துக்காக." அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

அசனம் என்பது சாமுவேல்புரத்தின் உயிர். டிசம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஆலயப் பிரதிஷ்டை நாளில், நாற்பது அண்டாவில் சோறு பொங்கி, சுற்றுவட்டாரத்தில் யார் வந்தாலும் எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்காமல் இலை போடுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ போன மேகத்தின் வால் சாம்பார் அண்டாக்களின் மேல் சரிந்துவிட்டது. சாம்பார் ரசமாகிப்போன அந்தத் துயரத்தை ஞானசிகாமணி மறக்கவில்லை.

"எத்தன நாளைக்கு எழுதுனிய?"

"ஒரு நாளைக்குத்தான்." கொஞ்சம் யோசித்தார். "பந்தல் போட முந்துன நாளு வேணும்லா, அதையும் சேத்தேன். வெறகு காயணும்லா? ஈர வெறகு வச்சு நாப்பது அடுப்பு ஊதுனா பொம்பளையளுக்குக் கண்ணு போயிரும். அதுக்கு ஒம்பது நாளு. அண்டா கழுவிக் கவுக்க ரெண்டு நாளு."

"மொத்தம்?"

"ஒண்ணாந் தேதியில இருந்து பதிமூணு வரைக்கும்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "ரூபா… நம்ம முறை என்னைக்கு?"

அவள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். கணினி மரியாதையுள்ளது. சாமுவேல்புரத்தார் பதின்மூன்று நாள் மழை வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். சரி என்று முறையை அடுத்த ஊருக்குக் கொடுத்துவிட்டது.

மனுஷர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஊரையே ஓய்வுக்கு அனுப்பிட்டேனே" என்றார்.

"நானும் வாசிக்காமக் கையெழுத்துப் போட்டவ அண்ணாச்சி. பாதி என்னோடது. எந்திரிங்க."

வாரியத்துக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் தமிழ்ப்பெண்தான்; பொறுமையாகக் கேட்டாள்.

"விண்ணப்பத்தை ரத்து பண்ணிடுறேன்ம்மா. அசனத்தன்னைக்கு மட்டும் வச்சுக்கிறேன். ஆனா போன முறையைத் திருப்பித் தர முடியாது. உங்களுக்கு மாத்தினா பின்னாடி நிக்கிற நானூறு ஊருக்கும் நேரம் தள்ளும். அங்கயும் கதிர் பால் பிடிச்சிட்டு இருக்கு இல்லையா?"

"வேற வழியே இல்லையா தாயி?"

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஒரு ஊர்ல நிலத்துக்காரங்க தங்களோட நிமிஷத்துல ‘போதும்’னு சொல்லிட்டா, மிச்ச மேகம் காத்துப் போக்குல அடுத்த ஊருக்குப் போகும். விலைக்கு வாங்கக் கூடாது, அது குத்தம். கேக்கக் கூடாதுன்னு சட்டத்துல எழுதலை." பிறகு குரலைத் தணித்து, "யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லைன்னு நினைக்கிறேன்" என்றாள்.

காற்றுப் போக்கில் சாமுவேல்புரத்துக்கு முந்தின ஊர் வெள்ளாட்டூரணி. நாற்பது வீடு. இரண்டு ஊருக்கும் பகை என்று சொல்ல முடியாது. உறவு என்றும் சொல்ல முடியாது. இவர்கள் பண்டிகைக்கு ஒலிபெருக்கி கட்டினால் அவர்கள் அம்மன் கொடைக்கு இரண்டு கட்டுவார்கள். அந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் ரூபவதியும் ஞானசிகாமணியும் அங்கே போனார்கள். மழைக் கமிட்டித் தலைவி பேச்சித்தாய் விதைக் கிடங்குக்கு முன்னால் ஊரைக் கூட்டியிருந்தாள். சொந்தமாக மூன்று டிராக்டர் ஓட்டுகிறவள். குரல் அதைவிடப் பெரியது.

"தப்பு என்னோடது. நானே சொல்லுதேன்" என்று ஞானசிகாமணி எழுந்து, பந்தல், விறகு, அண்டா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அண்டா கவிழ்க்கும் இரண்டு நாளுக்கு வந்தபோது கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு ஊரே சிரித்தது. பேச்சித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பால் புடிக்கிற காட்டுக்கு மழ வேண்டாம்னு எழுதிக் குடுத்த ஆள இப்பத்தான்யா பாக்கேன்" என்றாள். ஞானசிகாமணியும் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். இசக்கிமுத்து. அறுபது வயது, நாலு ஏக்கர் உளுந்து, நாற்பது ஆடு. "என் ரெண்டு கெடாய அரசாங்கப் பவுண்டுப் பட்டியில கொண்டு அடைச்ச ஆளுதான இவரு? ரெண்டு வாய் புல்லு மேஞ்சதுக்குப் படிவம் நெரப்பி என்னைய நாலு நாளு அலைய வச்சாரு. இப்பப் படிவமே அவர மேஞ்சிட்டு! நான் ஒரு சொட்டுத் தர மாட்டேன். யாரும் கேக்காதிய."

"ஏ இசக்கி, வீடு தேடி வந்தவுகளப் பாத்துப் பேசுத பேச்சா இது?" என்று பேச்சித்தாய் அதட்டினாள்.

"என் மேகம், என் காடு. தர மாட்டேன்னா தர மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பேச்சித்தாய் இடுப்பில் கை வைத்தாள். "அந்தாளு கெடக்காரு. நாங்களும் எட்டுக் குவிண்டால் கோட்டுலதான் நிக்கோம், அதனால நெறைய முடியாது மேகக்காரம்மா. வீட்டுக்கு ஒரு நிமிசம். ஒரு நிமிசத்துல எங்க காடு செத்துராது. என்னடே, சம்மதமா?"

முப்பத்தொன்பது கைகள் உயர்ந்தன. ஞானசிகாமணி கை கூப்பினார்.

முப்பத்தொன்பது நிமிடம். வேண்டியது ஐம்பது. மறுநாள் வீட்டு ஜெபத்தில், ஜெபம் நடத்த வந்த உபதேசியார், "எதுக்காகக் குறிப்பா ஜெபிக்கணும்மா?" என்று கேட்டபோது ரூபவதி, "பதினொரு நிமிசத்துக்காக" என்றாள். உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை சரியாக அளந்து யாரும் அவரிடம் ஜெபக் குறிப்பு கொடுத்ததில்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லியே ஜெபித்தார்.

ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு மேகம் வந்தது. நல்ல கொழுத்த மேகம். ரூபவதி நிலையத்தில் தனியாக இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளாட்டூரணியில் ஒவ்வொரு காடாக நனைந்தது. ஒவ்வொருவரும் தன் முறை முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கைபேசியில் ‘போதும்’ என்று அமுக்கினார். ஒருவர் தவறாமல் அமுக்கினார்கள். ஒரு வீட்டில் இரண்டு நிமிடமாக அமுக்கிவிட்டு, உடனே போன் செய்து, "தெரியாம அமுக்கிட்டேன், ஒண்ணத் திருப்பிக் குடுங்க" என்று கேட்டார்கள். திருப்பிக் கொடுத்தாள்.

கடைசிக் காடு இசக்கிமுத்துவுடையது. பன்னிரண்டு நிமிடம். மேகம் அதன் ஓரத்துக்கு வந்ததும் திரையில் ஒரு வரி எழும்பியது: ‘முறை முழுவதும் வேண்டாம்.’

பார்ப்பது சரிதானா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். முழு முறையையும் வேண்டாம் என்றால் கணினி லேசில் ஏற்காது, ‘நிச்சயமாகவா?’ என்று நாலு தரம் கேட்கும். நாலு தரமும் ‘ஆம்’ என்றிருந்தது.

பருந்துகள் அந்த நாலு ஏக்கருக்கு மேலே ஒரு துளி சிந்தாமல் மேகத்தைத் தூக்கிக்கொண்டு சாமுவேல்புரத்துக்குள் நுழைந்தன. ஐம்பத்தொரு நிமிடம் பெய்தது. பதினொன்று கேட்டாள், பன்னிரண்டு வந்திருக்கிறது. நாற்காலியில் இருந்து இறங்கித் தரையில் முழங்கால் போட்டாள். எட்டு வருஷமாக நெருடிய பெனிட்டாவின் கேள்வி அப்போது நெருடவில்லை.

கீழே ஊரில் ஒரே கூத்து. தங்கதுரை சட்டையைக் கழற்றி வீசிவிட்டு வரப்பில் ஆடினான். ஞானசிகாமணி வாசலில் நின்று வாயைத் திறந்து மழையைக் குடித்தார். தை அறுவடையில் ஊர்ச் சராசரி எட்டே முக்காலைத் தொட்டது என்பதையும், வெள்ளாட்டூரணியும் கோட்டுக்கு மேலேயே நின்றது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மனதில் அந்தப் பாரத்தோடு யாரும் மீதிக் கதையைக் கேட்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வெள்ளாட்டூரணியின் முப்பத்தொன்பது வீட்டுக்காரர் பெயர்களையும் ஞானசிகாமணி வாசித்து ஸ்தோத்திரம் சொன்னார். காற்று கூட்டிக் கொடுத்ததால் மழை எதிர்பார்த்ததைவிட அதிகமாயிற்று என்று எல்லாரும் நினைத்தார்கள். வெளியே வரும்போது, "அந்த இசக்கிமுத்து இருக்காரே, கல்லு" என்று யாரோ சொல்ல, நாலு பேர் ஆமாம் போட்டார்கள். மதியம் சாப்பிட்டவுடன் ரூபவதி இசக்கிமுத்துவின் காட்டுக்கு நடந்தாள்.

கரிசல் பிளந்து கிடந்தது. பூத்து நின்ற உளுந்து இலையைத் தொங்கவிட்டிருந்தது. இசக்கிமுத்து பனை நிழலில் உட்கார்ந்து, ஆட்டுக்குட்டி ஒன்றின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சிய?"

"எதம்மா?"

"பன்னெண்டு நிமிசம்."

"அதுவா? கண்ணு சரியாத் தெரியல. பொத்தானத் தப்பா அமுக்கிட்டேன்."

"நாலு தடவ கேட்டிருக்குமே."

"நாலு தடவையும் தப்பா அமுக்கிட்டேன்."

குட்டி கத்தியது. முள்ளை எடுத்து எறிந்துவிட்டு அதன் முதுகில் தட்டி அனுப்பினார். ரூபவதி போகாமல் நிற்பதைப் பார்த்ததும், மெல்லத் தொடங்கினார்.

"அன்னைக்கு அந்தத் தபால்காரரு மூஞ்சியப் பாத்தியளா? ஊரே சிரிக்கி, அவரும் கூடச் சிரிக்கப் பாக்காரு, முடியல. அந்நேரம் பாத்துத்தான் எனக்குக் கெடா ஞாபகம் வரணுமா? விழுந்த ஆள மிதிச்ச மாதிரி ஆயிட்டு. வீட்டுக்குப் போனா சோறு எறங்கல."

"அதை ஊர்ல சொன்னா என்ன? எல்லாரும் உங்களக் கல்லுங்காவ."

"சொல்லிக்கிட்டுப் போட்டும். நான் குடுத்தேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்புடணும். எங்க ஊருல ஒருதரம் தலை குனிஞ்சிட்டாரு. இன்னொருதரம் எதுக்கு?" எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "யாருகிட்டயாவது மூச்சு விட்டிய, அடுத்த வருசம் நெசமாவே ஒரு சொட்டுத் தர மாட்டேன்."

"உளுந்து?"

"இன்னும் ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள ஆத்தா எதாவது வழி வைப்பா. வைக்கலன்னா ஆடு மேயும். ஆட்டுக்கும் நல்ல நாளு வேணும்லா?"

ரூபவதி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். மேகம் மேய்க்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு பங்கு உண்டு. பருவத்துக்குப் பதினைந்து நிமிடம், நாலைந்து ஏக்கரை மட்டும் நனைக்கும் சின்னத் துண்டு மேகம்; ஊர் முழுக்க நனைக்க அது போதாது. எந்த நாளில், எந்த நிலத்தில் இறக்குவது என்பது அவரவர் விருப்பம். காரணம் எழுத வேண்டியதில்லை. அவளுடைய இரண்டு ஏக்கர் ஊரின் கடைக்கோடியில் இருந்தது. மேகம் அங்கே வரும்போது மெலிந்துவிட்டதால் கதிரில் பாதிதான் பால் பிடித்திருந்தது. பங்கை அங்கே இறக்கினால் மீதியும் பிடிக்கும். இறக்காவிட்டால் ஊர்ச் சராசரிக்கு ஒன்றும் ஆகாது. அவள் வீட்டுத் தானியக் குலுக்கைதான் பாதி காலியாக இருக்கும். இதைத் தங்கதுரையிடம் சொன்னால் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஆனால் அவனால் ஒரு ரகசியத்தை அரை நாள் வைத்திருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அசனம். வானம் ஞானசிகாமணி கேட்டபடி பளிச்சென்று இருந்தது. விறகு நன்றாகக் காய்ந்திருந்தது. நாற்பது அண்டாவும் கொதித்தன. வெள்ளாட்டூரணி மொத்தமும் பேச்சித்தாயின் மூன்று டிராக்டரில் வந்து இறங்கியது. ஊரில் ஆடுகளும் கோழிகளும் மட்டும்தான் மிச்சம். கடைசி டிராக்டரில் இசக்கிமுத்து இருந்தார்.

"தண்ணி தர மாட்டேன்னாரு, சோத்துக்கு மொத ஆளா வந்துட்டாரே!" என்று பந்தலில் ஒருவன் கேலி செய்தான்.

"சோத்துல யாரும் படிவம் கேக்கலல்லா, அதான் வந்தேன்" என்று சொல்லி அவர் இலையின் முன் உட்கார்ந்தார். சிரிப்பு எழுந்தது. ஞானசிகாமணி ஒரு கணம் தயங்கி, சாம்பார் வாளியைத் தானே வாங்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தார். ஒரு கரண்டி ஊற்றினார். பிறகு இன்னொரு கரண்டி.

"கத்திரிக்கா ரெண்டு சேத்துப் போடும்" என்றார் இசக்கிமுத்து.

"போடுதேன், போடுதேன். மெதுவாச் சாப்பிடுங்க."

ரூபவதி தண்ணீர்ச் செம்பைத் தங்கதுரை கையில் கொடுத்தாள். "நிலையத்துல ஒரு வேலை கெடக்கு. இப்ப வந்துருதேன்."

"இன்னைக்குமா? சோறு ஆறிரும்."

"ஆறுனா என்ன? அசனச் சோறு."

கிடைப்பாதையில் ஒரு ஆள் இல்லை. வேம்பாரில் இருந்து எட்டயபுரம் போகும் மதிய மேகம் தொலைவில் வெள்ளைக் குன்றுபோல நகர்ந்து வந்தது. நிலையத்தின் கதவைத் திறந்து உட்கார்ந்து, தன் எண்ணைத் தட்டினாள். பதினைந்து நிமிடம் அவள் பெயரில் எழும்பியது. நிலம் எது என்று கேட்டது. வெள்ளாட்டூரணியின் கடைசிக் காட்டைத் தொட்டாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். மறுபடியும் கேட்டது. ஆம். நாலாவது தரமும் தொட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள்.

ஆறு பருந்துகள் பெரிய மேகத்தில் இருந்து ஒரு துண்டைப் பிரித்துக்கொண்டு மேற்கே திரும்பின. நாலு ஏக்கருக்கு மேலே வந்து நின்றன. மழை விழுந்தது. பனைமரத்தின் ஒரு பாதி நனைந்தது, மறு பாதி நனையவில்லை. வெடிப்புகள் தண்ணீரைக் குடித்து மெல்ல வாயை மூடின. வரப்பில் அடைந்திருந்த தவிட்டுக்குருவிகள் சிலிர்த்துக்கொண்டு இறங்கி உளுந்துக்குள் புகுந்தன. அவளைத் தவிர ஒரு மனிதர் கண்ணிலும் அது படவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்தது. மீதி மூன்றையும் அங்கேயே பெய்யவிட்டாள்.